‘பெண் பழக்கம் உண்டா?’ என்று கேட்டால் நோய் பிடிபடாது: ஆண்-ஆண் உறவும் பால்வினை நோய்களும்

சிறுநீர் போகும்போது எரிச்சல் என்று இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் மருத்துவரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்: “கல்யாணம் ஆயிடுச்சா தம்பி? வெளியில ஏதாவது பொண்ணு பழக்கம் இருக்கா?”

“இல்லைங்க டாக்டர்.”

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பெண்களோடு அவருக்கு உறவே கிடையாது. ஆண்களோடு உண்டு. கேள்வியில் அது இல்லை, அதனால் பதிலிலும் வரவில்லை. “சரி, உடம்பு சூடா இருக்கும். தண்ணி நிறைய குடிங்க” என்று ஐந்து நாள் மாத்திரை எழுதித் தரப்படுகிறது. எரிச்சல் குறையலாம், குறையாமலும் போகலாம். நோய் அவரோடு வீடு திரும்புகிறது.

விருத்தாசலம் மாதிரி ஊரில் இந்தச் ‘சூடு’ யாரும் சட்டென்று நம்பும் காரணம். பழமலைநாதர் கோயிலுக்கும் ரயில் ஜங்ஷனுக்கும் அடுத்தபடியாக ஊருக்குப் பேர் வாங்கித் தந்தது பீங்கான். ஆயிரம் டிகிரிக்கு மேல் எரியும் சூளைக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கும் ஒருவர், நீர்க்கடுப்பு வந்தால் சூளையைத்தான் சந்தேகப்படுவார். மோர், இளநீர், வெந்தயம் என்று ஒரு வாரம் ஓடிவிடும். கடலூர் மாவட்டத்தின் வெயிலும் அந்தக் காரணத்துக்குத் துணை நிற்கும்.

ஆனால் பால்வினை நோய் சூட்டால் வருவதில்லை. தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களுக்கும், தங்களை அப்படி அழைத்துக்கொள்ளாமலே ஆண்களோடு உறவு வைத்திருப்பவர்களுக்கும் அது ஏன் அதிகம் வருகிறது? ஏன் பல நேரம் கண்டுபிடிக்கப்படாமல் போகிறது? இரண்டாவது கேள்விக்கான பதில் அந்த மருத்துவர் அறையிலேயே தொடங்குகிறது.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது?

இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலா ரத்த மாதிரிகள் சேகரித்தார். யாரிடம் சேகரிக்க வேண்டும் என்ற ஆபத்துப் பட்டியலில் தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களும் இருந்தார்கள். ஆனால் அவர்களை எங்கே போய்த் தேடுவது? மயிலாப்பூரில் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர் பெண்களைத் தேட வேண்டியதில்லை. கதவுக்குள்ளேயே இருந்தார்கள். அவர்களின் ரத்தம் வேலூர் சிஎம்சிக்குப் போனது. ஆறு மாதிரிகளில் எச்ஐவி தெரிந்தது.

மகத்தான கண்டுபிடிப்பு அது. அதன் பலனாகத் தமிழ்நாடு மற்ற மாநிலங்களைவிட முன்னதாக விழித்துக்கொண்டது. 1994-இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. ஆனால் இந்த நோய்க்கு மக்கள் மனதில் வரைந்த முகம் பெண்ணுடையது என்பதும் அன்றே முடிவாகிவிட்டது. 2000-களின் தொடக்கத்தில் ஊரெல்லாம் சுவரிலும் பேனரிலும் பார்த்த புள்ளிராஜாவை நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிண்டலாகவும் கோபமாகவும் பேசப்பட்டாலும், எய்ட்ஸ் என்ற சொல்லைப் பேச வைத்த விளம்பரம் அது. மனைவியைத் தவிர வேறு பெண்ணிடம் ஆணுறை இல்லாமல் போகும் ஆண்தான் அதன் கதாநாயகன். ‘வேறு ஆணிடம் போகிறவன்’ அந்தப் படத்தில் இல்லை.

விளைவு என்ன? பெண்ணிடம் போனால்தான் எய்ட்ஸ் வரும், ஆம்பளைங்களுக்குள்ள நடப்பது விளையாட்டு, அது ‘செக்ஸ்’ கணக்கிலேயே வராது என்ற எண்ணம் பல ஆண்களிடம் இருப்பதைத் தமிழ்நாட்டிலும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் நடந்த கள ஆய்வுகள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கின்றன. உண்மை நேர் எதிர்.

எண்கள் சொல்வது

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோவின் 2021 மதிப்பீட்டில், இந்தியாவில் வயது வந்தோரிடையே எச்ஐவி 0.21 சதவீதம். அதே ஆண்டின் கண்காணிப்பு ஆய்வில், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடையே 3.26 சதவீதம். ஏறக்குறைய பதினைந்து மடங்கு. திருநங்கையரிடையே 3.78 சதவீதம். இருவரையும் ஒரே கூட்டமாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. ஆனால் அவர்களின் வாழ்க்கையும் தேவையும் வேறு, நாகோவும் தனித்தனியாகவே கணக்கெடுக்கிறது.

இதில் ஒழுக்கத்துக்கு வேலை இல்லை. முதல் காரணம் உடம்பின் அமைப்பு. மலக்குடலின் உட்சுவர் ஒற்றை அடுக்குச் செல்களால் ஆன மெல்லிய சவ்வு. சட்டென்று கீறும். எச்ஐவி பிடித்துக்கொள்ளும் நோய் எதிர்ப்புச் செல்கள் அங்கே நிறைய. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி, சிகிச்சை எடுக்காத எச்ஐவி உள்ளவரோடு ஆணுறை இல்லாமல் ஆசனவாய் வழி உறவு நடந்தால், ஏற்பவருக்கு 10,000 முறைக்கு 138 முறை தொற்றும். செலுத்துபவருக்கு 11 முறை. பெண்குறி வழி உறவில் பெண்ணுக்கு 8, ஆணுக்கு 4. சராசரிக் கணக்குதான் இது. புண்ணோ வேறு பால்வினை நோயோ இருந்தால் கூடும். ஒரே தடவையில் தொற்றியவர்களும் உண்டு.

இரண்டாவது, வலைப்பின்னல். ஆண்-பெண் உறவில் ஏற்பவர் எப்போதும் பெண். ஆண்களுக்கிடையே ஒருவரே இன்று ஏற்பவராகவும் நாளை செலுத்துபவராகவும் இருக்கலாம். எளிதாகத் தொற்றை வாங்கியவரே அதை எளிதாகக் கொடுக்கவும் முடியும். வட்டமும் சின்னது. விருத்தாசலத்தில் செயலியைத் திறந்தால் பக்கத்துத் தெருவில் யாரும் இருக்க மாட்டார்கள். நெய்வேலி, கடலூர், புதுச்சேரி, உளுந்தூர்பேட்டை என்று அதே முகங்கள்தான் கிலோமீட்டர் மட்டும் மாறி வரும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சென்னை, பெங்களூருவிலிருந்து ஊருக்கு வருபவர்களும் அதில் சேர்கிறார்கள். பழகியவர் எண்ணிக்கை மற்றவர்களுக்குச் சமமாக இருந்தாலும், வட்டத்துக்குள் நோய் அதிகம் என்பதால் எதிர்ப்படும் வாய்ப்பும் அதிகம்.

மூன்றாவது காரணம் மறைவு. இந்தியாவின் 12 நகரங்களில் இப்படிப்பட்ட 12,022 ஆண்களிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சென்னையின் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனமும் பங்கேற்றது. அதில் எச்ஐவி இருந்தவர்களில் மூன்றில் ஒருவருக்குக்கூடத் தனக்கு அது இருப்பது தெரிந்திருக்கவில்லை. அதன் பிறகு நிலைமை மாறியிருக்கலாம். ஆனால் நகரத்திலேயே அந்த நிலை என்றால், டீக்கடையில் நாலு பேருக்கு நாலு பேரைத் தெரிந்த ஊரில் எப்படி இருக்கும்?

வலிக்காத புண்

எச்ஐவிக்கு இருக்கும் பயத்தில் மற்ற நோய்கள் மறந்துபோகின்றன. உண்மையில் அன்றாடம் அதிகம் தொல்லை தருபவை அவைதான்: சிபிலிஸ், ஊரில் வெட்டை என்று சொல்லும் கொனோரியா, கிளமிடியா, ஹெர்பிஸ், எச்பிவி மருக்கள், ஹெபடைடிஸ் பி. 2022-இல் உலக சுகாதார அமைப்பு அவசரநிலை அறிவித்த எம்பாக்ஸும் அந்த அலையில் பெரும்பாலும் ஆண்களோடு உறவு கொண்ட ஆண்களிடையேதான் பரவியது.

இவற்றில் சிபிலிஸ் பெரிய கள்ளன். தொற்றிய மூன்று வாரம் வாக்கில் ஒரு புண் வரும். வலிக்காது, அரிக்காது. ஆணுறுப்பில் வந்தாலாவது கண்ணில் படும். ஆசனவாய்க்குள்ளேயோ தொண்டையிலோ வந்தால் அதை யார் பார்ப்பது? மூன்று முதல் ஆறு வாரத்தில் மருந்தே இல்லாமல் ஆறிவிடும். ‘நல்லவேளை, சரியாப் போச்சு’ என்று தோன்றும். சில வாரம் கழித்து உடம்பில் சிவப்புத் தடிப்பு வரும், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட. அங்கங்கே முடி கொட்டும். அலர்ஜி என்று ஒரு களிம்பு தடவுவார்கள். அதுவும் தானாகப் போய்விடும். அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் எந்தச் சத்தமும் இருக்காது. சிகிச்சை இல்லாமல் விட்டால் சிலருக்கு இதயத்தையும் மூளையையும் பிடிக்கும். கண்ணையும் காதையும் எந்தக் கட்டத்திலும் தாக்கலாம்.

இத்தனைக்கும் இதைக் கண்டுபிடிக்க விடிஆர்எல் அல்லது ஆர்பிஆர் என்ற மலிவான ரத்தப் பரிசோதனை போதும். ஆரம்பக் கட்டத்தில் பென்சாதின் பென்சிலின் 24 லட்சம் யூனிட், ஒரே ஒரு தடவை. நாள்பட்டது என்றால் வாரத்துக்கு ஒன்றாக மூன்று தடவை. எத்தனையோ கிருமிகள் எத்தனையோ மருந்துகளுக்குப் பழகிவிட்ட காலத்தில், சிபிலிஸ் கிருமி மட்டும் இன்னும் பென்சிலினுக்குப் பழகவில்லை. எண்பது வருடப் பழைய மருந்து இன்றும் வேலை செய்கிறது. ஊசி போட ஆள் வந்தால் போதும்.

வெட்டையின் கதை வேறு. ஆணுறுப்பில் வந்தால் சீழும் எரிச்சலும் ஆளை ஓட வைக்கும். தொண்டையிலும் மலக்குடலிலும் வந்தால் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. கிளமிடியாவும் அப்படியே. சிறுநீர்ப் பரிசோதனை மட்டும் எடுத்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று வந்தால், அது ஆணுறுப்பில் ஒன்றுமில்லை என்று மட்டுமே பொருள். உறவு எந்த வழியில் நடந்ததோ அந்த இடத்தில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த மூலக்கூறுப் பரிசோதனை பெரிய நகரத்து லேப்களில்தான் எளிதாகக் கிடைக்கிறது. இங்கேதான் அந்தப் பழைய கேள்வி மறுபடி இடிக்கிறது. ஆணோடு உறவு என்று தெரியாத மருத்துவர், தொண்டையையும் பின்பக்கத்தையும் பார்க்க ஏன் நினைக்கப்போகிறார்?

மெடிக்கல் ஷாப்பும் லாட்ஜ் வைத்தியரும்

டாக்டரிடம் போகத் தயங்குபவர்களுக்கு ஊரில் இரண்டு வழி உண்டு. ஒன்று, மெடிக்கல் ஷாப்பில் நின்று ‘நீர்க்கடுப்பு’ என்று சொல்லி நார்ஃப்ளாக்சசினோ சிப்ரோஃப்ளாக்சசினோ வாங்குவது. இந்த மருந்துக் குடும்பத்துக்கு இந்தியாவில் வெட்டைக் கிருமி எப்போதோ பழகிவிட்டது. பணம் போகும், கிருமி போகாது. இரண்டாவது, பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் மாதம் ஒருமுறை முகாம் போடும் ‘பரம்பரை’ வைத்தியர். வாலிப வயதில் செய்த தவறு என்று ஆரம்பித்து, லேகியத்தில் முடியும். அந்த ஆறு மாத லேகியத்தின் விலைக்குச் சென்னையில் எல்லாப் பரிசோதனையும் எடுத்துவிடலாம்.

ஆணுறை விஷயத்திலும் சின்ன ஊருக்கென்று ஒரு சிக்கல். தெரிந்த கடையில் கேட்கக் கூச்சம். கேட்டு வாங்கினாலும் லூப் என்ற வழுக்கு ஜெல் பல கடைகளில் இருக்காது. வீட்டில் இருப்பது தேங்காய் எண்ணெய். கையில் கிடைப்பது வாஸ்லினோ பாடி லோஷனோ. எண்ணெய்ப் பசை உள்ள எதுவும் லேடெக்ஸ் ஆணுறையைச் சில நிமிடங்களிலேயே பலவீனமாக்கிவிடும். நடுவில் கிழியும். ‘ஆணுறை போட்டுத்தானே செய்தேன்’ என்பவருக்கும் நோய் வருவதற்கு இது ஒரு காரணம். தண்ணீர் அல்லது சிலிக்கான் சார்ந்த ஜெல்தான் சரி. ஆன்லைனில் ஆர்டர் போட்டால் சாதாரணப் பெட்டியில் வீட்டுக்கே வரும். ஜெல்லே இல்லாமல் செய்வதும் ஆபத்து. ஆசனவாய் தானாக ஈரமாகாது, அதனால் உறையும் கிழியும், சவ்வும் கிழியும்.

அவசரம், இருட்டு, இடமின்மை ஆகியவையும் நோய்க்குக் காரணம்தான். சொந்த அறை இல்லாதவர்கள் ஆளில்லாத இடத்தில் பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளும்போது, பேசிப் புரிந்து உறை போட நேரம் இருப்பதில்லை. ஆணுறை வைத்திருந்ததையே ஆதாரமாகக் காட்டிப் போலீஸ் மிரட்டிய காலமும் இருந்தது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் வயது வந்த இருவர் சம்மதத்தோடு கொள்ளும் உறவை 377-ஆவது பிரிவிலிருந்து விடுவித்தது. சட்டப் பயம் போனது. செயலியில் பழகி வரவழைத்துப் பணம் பறிக்கும் கும்பல்களின் பயம் இப்போது அதன் இடத்தில் வந்திருக்கிறது.

வீட்டில் முதல் பரிசோதனை யாருக்கு?

இதைச் சொல்லாமல் விட முடியாது. இப்படிப்பட்ட ஆண்களில் பலர் கல்யாணம் ஆனவர்கள், அல்லது ‘அடுத்த தையில பொண்ணு பாத்துடலாம்’ என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலானோருக்குக் கல்யாணம் கேட்டு வாங்கியதல்ல. மனைவிக்கும் இதில் ஒன்றும் தெரியாது.

தமிழ்நாட்டில் கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் எச்ஐவி, சிபிலிஸ் பரிசோதனை செய்வது நடைமுறை. அதனால் பல குடும்பங்களில் முதலில் பரிசோதிக்கப்படுவது மனைவியின் ரத்தம்தான். முடிவு பாசிட்டிவ் என்றால், முதல் பழியும் அவர் மேல் விழும். கர்ப்பத்தில் சிபிலிஸ் இருந்து கவனிக்காமல் விட்டால் குழந்தை இறந்தே பிறக்கலாம், குறைகளோடும் பிறக்கலாம். கணவர் ஆறு மாதம் முன்னால் விடிஆர்எல் எடுத்திருந்தால் அந்த இடத்துக்கே வந்திருக்காது. கல்யாணத்துக்குச் சம்மதிப்பதா வேண்டாமா என்பது அவரவர் போராட்டம். பரிசோதனையை அதுவரை தள்ளிப்போட வேண்டியதில்லை.

72 மணி நேரம்

உறை கிழிந்துவிட்டது, அல்லது போடவே இல்லை. அடுத்த நாள் காலை பயம். இப்போது செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பெப் எனப்படும் பின்-தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுத்தால் எச்ஐவி தொற்றாமல் பெரும்பாலும் தடுக்கலாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சனிக்கிழமை ராத்திரி நடந்ததற்குச் செவ்வாய் வரை யோசிப்பது ஆகாது. அரசு மருத்துவமனைகளில் இந்த மருந்து முதன்மையாக ஊசி குத்திக்கொண்ட மருத்துவப் பணியாளர்களுக்கும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் என்று வைக்கப்பட்டது. மற்றவர்களும் போய்க் கேட்க வேண்டும். தயங்கினால் தனியார் தொற்றுநோய் மருத்துவரிடம் சீட்டு வாங்கலாம்.

அடிக்கடி இப்படி ஆகிறது என்றால் பிரெப் பற்றி யோசிக்கணும். எச்ஐவி இல்லாதவர் முன்கூட்டியே எடுக்கும் மாத்திரை அது. தினமும் ஒழுங்காக எடுத்தால் உடலுறவு வழியாக எச்ஐவி வரும் வாய்ப்பை ஏறக்குறைய 99 சதவீதம் குறைக்கிறது. நாகோ 2022-இல் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. தொடங்குவதற்கு முன் எச்ஐவி, சிறுநீரகம், ஹெபடைடிஸ் பி மூன்றையும் பார்க்க வேண்டும். ஹெபடைடிஸ் பி இருப்பவர் இஷ்டத்துக்குத் தொடங்கி இஷ்டத்துக்கு நிறுத்தினால் கல்லீரல் பாதிக்கப்படலாம். நண்பரின் டப்பாவிலிருந்து நாலு மாத்திரை கடன் வாங்குவது பிரெப் ஆகாது. பிரெப் சிபிலிஸையோ வெட்டையையோ தடுக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எச்ஐவி இருப்பது தெரிந்துவிட்டால்? இந்தியாவில் இலவச ஏஆர்டி சிகிச்சை 2004 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. முதல் மையங்களில் தாம்பரம் அரசு மருத்துவமனையும் ஒன்று. இப்போது பெரும்பாலானோருக்குத் தினம் ஒரே மாத்திரை. ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உறவின் மூலம் மற்றவருக்குப் பரவாது. 2019-இல் வெளியான பார்ட்னர்-2 ஆய்வில், ஒருவருக்கு எச்ஐவி இருந்து சிகிச்சையில் இருந்த 782 ஆண் ஜோடிகள் பங்கேற்றார்கள். ஆணுறை இல்லாமல் 76 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை உறவு. துணையிடமிருந்து தொற்றியது ஒருவருக்கும் இல்லை.

தடுப்பூசியையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஹெபடைடிஸ் பிக்கு ஆறு மாதத்தில் மூன்று தவணை. எச்பிவி தடுப்பூசி பெண்களுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஆசனவாய்ப் புற்றுநோய்க்கும் எச்பிவிதான் காரணம், ஆண்களும் போட்டுக்கொள்ளலாம்.

எங்கே போகணும்? என்ன சொல்லணும்?

அரசு மருத்துவமனையில் ‘நம்பிக்கை மையம்’ என்று பலகை இருக்கும் அறையில் எச்ஐவி பரிசோதனை இலவசம். பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் பேசுவார். பால்வினை நோய்களுக்கு ‘சுகவாழ்வு மையம்’. அங்கே அறிகுறிக்கு ஏற்ப நிறம் பிரித்த மருந்துப் பெட்டிகளை இலவசமாகத் தரும் முறை பல ஆண்டுகளாக உண்டு: சீழ் வடிதலுக்குச் சாம்பல், புண்ணுக்கு வெள்ளை, ஹெர்பிஸுக்குச் சிவப்பு. துணைக்கும் சேர்த்துக் கேட்கலாம். உள்ளூரில் தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று பயமா? விருத்தாசலம் ஜங்ஷன் என்பதே ஒரு வசதி. கடலூரோ திருச்சியோ சேலமோ, ஆள் தெரியாத ஊர் ஒரு டிக்கெட் தூரம்தான். ஒவ்வொரு சித்திரையிலும் பக்கத்துக் கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழாவையொட்டி ஆணுறையும் விழிப்புணர்வும் வழங்கப்படுகின்றன. திருநங்கையர் வெளிச்சத்தில் நின்று வாங்கிக்கொள்கிறார்கள். கூட்டத்தோடு வந்து கடைசி பஸ்ஸில் திரும்பும் ஆண்களில் எத்தனை பேர் அந்த மேசைப் பக்கம் போவார்கள் என்பது சந்தேகம்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை? நாகோவின் இலக்குக் குழுத் திட்டங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உடல் பரிசோதனை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்ஐவி, சிபிலிஸ் ரத்தப் பரிசோதனை என்பது முறை. பலரோடு பழகுபவர் ரத்தப் பரிசோதனையையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வைத்துக்கொள்வது நல்லது. உறவு நடந்த மறுநாளே எடுக்கும் எச்ஐவி பரிசோதனை பழைய நிலையை மட்டும்தான் சொல்லும். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்தால்தான் உறுதி.

ரகசியத்துக்குச் சட்டம் இருக்கிறது. 377 தீர்ப்பு வந்து நாலே நாளில், 2018 செப்டம்பர் 10 அன்று, எச்ஐவி-எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சம்மதம் இல்லாமல் எச்ஐவி பரிசோதனை கூடாது. முடிவை மற்றவர்களிடம் சொல்லக் கூடாது. வேலைக்கு முன்நிபந்தனையாகப் பரிசோதனை கேட்கக் கூடாது. ஒரே ஒரு விதிவிலக்கை இங்கே சொல்லியாக வேண்டும்: எச்ஐவி உள்ளவர் பலமுறை ஆலோசனை சொல்லியும் மனைவியிடமோ துணையிடமோ சொல்லவில்லை, அவருக்குத் தொற்றும் ஆபத்து இருக்கிறது என்றால், முன்னறிவித்துவிட்டு மருத்துவரோ ஆலோசகரோ அந்தத் துணைக்குத் தெரிவிக்கலாம். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டம் வரும், அது வேறு கதை.

அறைக்குள் போய் என்ன சொல்வது என்பதுதான் பலருக்கு மலை. பெரிய வாக்குமூலம் வேண்டாம். ‘நான் கே’ என்று அறிவிக்க வேண்டிய அவசியமும் இல்லை. “டாக்டர், எனக்கு ஆண்களோட உறவு இருக்கு. கடைசியா பத்து நாள் முன்னாடி, காண்டம் இல்லாம. பின்பக்கமும் தொண்டையும் சேர்த்துப் பாக்கணும்.” இவ்வளவு போதும். மருத்துவருக்கு வேண்டியது யாரோடு, எந்த வழி, எப்போது, உறை இருந்ததா என்ற நாலு விவரம்தான்.

மருத்துவர்கள் பக்கத்திலும் மாற வேண்டியது உண்டு. ‘வெளியில பொண்ணு பழக்கம் இருக்கா?’ என்பதற்குப் பதிலாக ‘உறவு ஆண்களோடா, பெண்களோடா, ரெண்டு பேரோடயுமா?’ என்று எல்லோரிடமும் ஒரே தொனியில் கேட்டால் போதும், கூடுதல் செலவு ஒரு பைசா இல்லை. ‘கல்யாணம் பண்ணிக்கோ, எல்லாம் மாறிடும்’ என்று அறிவுரை சொல்லி ‘மாற்று சிகிச்சை’ தருகிறேன் என்பவர் சட்டப்படியும் தப்பு செய்கிறார். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து, இத்தகைய சிகிச்சை தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது. அப்படிப்பட்டவரிடம் வாதாட வேண்டாம், சீட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மருத்துவரிடம் போகலாம். எதுவும் தெரியவில்லை என்றால் நாகோவின் 1097 எண்ணில் கட்டணமில்லாமல், பெயர் சொல்லாமல் தமிழிலேயே கேட்கலாம்.

சிகிச்சை முடிந்து ஏழு நாள் வரை உறவு வேண்டாம். துணைக்கும் சிகிச்சை நடந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே நோய் அவரிடமிருந்து திரும்பி வரும். அவருடைய பெயரே தெரியாது, செயலியில் ஒரு முகமற்ற படம்தான் தெரியும் என்றாலும் ஒரு மெசேஜ் போட முடியும்: “எனக்கு சிபிலிஸ் வந்திருக்கு, ஊசி போட்டுட்டேன். உங்களுக்கும் இருக்கலாம். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில விடிஆர்எல் ஃப்ரீ. ஒரு தடவ பாத்துடுங்க.” அனுப்பிவிட்டு பிளாக் செய்துகொண்டாலும் பரவாயில்லை.